நாற்பத்தோராம் மாணவி

"நாற்பத்தோராம் மாணவியை எளிய பாடத்துக்கு இறக்கி விடும்மா," என்றார் மேலாளர், பாடத்தை வடிவமைத்த இளம்பெண்ணிடம்.

படிப்பவரின் வேகத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் இணையப் பாடம் அது. கணினி படிக்க வாய்ப்பே கிடைக்காத பெண்களுக்காக அவள் வடிவமைத்தது. பதிவேட்டில் பெயர்கள் இல்லை. வரிசை எண்ணும் ஃபோன் எண்ணும் மட்டுமே.

"மாட்டேன் சார். அவங்க போட்டதுல ஒரு விடைகூடத் தப்பில்ல."

"காலைல ஏழுலேருந்து எட்டுக்குள்ள ஒன்பது தடவை பாதியில எழுந்து போயிருக்காங்க. அக்கறை இருக்கிறவங்க செய்யிற வேலையா இது?"

"வீட்டுல யாரோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க சார். ஒன்பது தடவையும் திரும்பி வந்து, விட்ட இடத்துலேருந்து சரியாப் போட்டிருக்காங்களே! திருத்த வேண்டியது கூப்பிடுற ஆளை."

"கதை நல்லா விடுறே."

"அப்ப நீங்களே ஃபோன் பண்ணி, 'உனக்கு இது வராது'ன்னு சொல்லிடுங்க. என் கையால இறக்க மாட்டேன்."

மேலாளர் விறைப்பாகப் பதிவேட்டைப் பார்த்து எண்களை அழுத்தினார். கடைசி எண்ணை அழுத்தியதும் ஃபோன் திரையில் 'வீடு' என்று வந்தது.

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவியின் குரல் முந்திக்கொண்டது.

"இப்ப எதைக் காணோம்? நீங்களே தேடிக்குங்க. நான் பாடத்துல இருக்கேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.