தூக்கில் வெட்டிய பெயர்

மூன்றாவது மாடியில் லிஃப்ட் நின்றபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

நோவாம் சொன்ன ஏதோ ஒன்றுக்கு. என்னவென்று பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அந்த அமெரிக்க விடுதியின் லிஃப்ட் நிதானமானது. முதலாண்டில் ஏறியவர்கள் பட்டத்தோடு இறங்கியதாகச் சொல்வார்கள். நம்பாதவர்கள் படியில் போனார்கள்.

லிஃப்டின் பின்சுவரில் யாரோ மார்க்கரால் எழுதியிருந்தார்கள். யூதர்களுக்கு இங்கே இடமில்லை என்று.

விடுதிக்காரர்கள் துடைத்தார்கள். துடைத்த பிறகு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

நோவாம் எப்போதும் அதன்மேல் சாய்ந்துதான் நிற்பான். முழுக்க மறைக்க உயரம் சற்றே போதாது. யூதர் என்கிற சொல் மட்டும் தோளுக்கு மேலே தெரியும்.

தலையில் யூதர்கள் வைக்கிற, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குல்லா. கையில் எவர்சில்வர் தூக்கு.

சாப்பாட்டுக்கூடத்தில் நோவாம் உட்கார்ந்தால் மேசை காலியாகிவிடும். அதனால் சில வாரங்களாக ஏழாவது மாடியில், திண்டுக்கல்லிலிருந்து படிக்க வந்த அவன் அறையில்தான் இருவருக்கும் சாப்பாடு.

அவன் சாம்பார் தாளித்த முதல் நாள் தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் தட்டு கேட்டார்கள்.

மாமிசம் படாத தனிப் பாத்திரத்தில்தான் நோவாம் சாப்பிடுவான். அதை அம்மாவிடம் போனில் சொல்லவே அவனுக்குத் தயக்கமாக இருந்தது.

"அவ்வளவுதானே. புதுசா வாங்கிப் பேரு வெட்டி அனுப்புறேன்" என்றாள் அம்மா.

வந்தது. தூக்கின் வயிற்றில் புள்ளி புள்ளியாக எழுத்து.

நோவாம் தம்பிக்கு, திண்டுக்கல் அம்மா.

நோவாமால் படிக்க முடியாது. ஆனாலும் சாப்பிடும்போதெல்லாம் கட்டைவிரலால் அந்த எழுத்துகளைத் தடவிக்கொண்டே இருப்பான். இடையிடையே கேள்வி. பொடியில் என்ன போடுவார்கள். எவ்வளவு வறுப்பார்கள். அவனுக்கும் தெரியாது. அம்மாவுக்குத்தான் தெரியும்.

அப்படி நோவாம் நன்றாகக் கற்றுக்கொண்ட தமிழ் ஒரே ஒரு சொல்.

தெரியாது.

கதவு திறந்தது. அந்த மூன்றாவது மாடியில், விடுதிக்கு யாரையோ பார்க்க வந்திருந்த தயாளன் அண்ணன் ஏறினார்.

ஊர்ப்பிள்ளைகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு அவர் பேரில் இருந்தது. அங்கே ஓர் அறை காலியாகிறது. விடுதியில் அவனுக்கு அந்த மாதத்தோடு சரி. வேறு போக்கிடம் இல்லை.

"என்னடா திண்டுக்கல், ஆளையே காணோம்?"

"படிப்புண்ணே."

தயாளன் குல்லாவைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி குல்லாவை.

"காலேஜே இவனுங்கள ஒதுக்கி வச்சிருக்கு. நம்ம வீட்டுக்கு இதெல்லாம் வரக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன். உன்கூட வந்தவனா?"

லிஃப்ட் ஏறிக்கொண்டிருந்தது. ஏறுவதாகத்தான் எண்கள் சொல்லின.

அவனுக்கு எப்போதும் பதில் சட்டென்று வரும். பள்ளியில் அதற்காகவே அடி வாங்கியிருக்கிறான்.

"யாருன்னே தெரியாதுண்ணே. லிஃப்டோட வந்தது."

தயாளன் சிரித்தார். நல்ல சிரிப்பு. லிஃப்டே குலுங்கியது. நிற்கப் போகிறதோ என்று ஒரு கணம் எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

எல்லோரும் என்றால் இரண்டு பேர்.

நோவாம் தூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுத்து வெளியே தெரிந்தது. தயாளன் நிற்கும் பக்கமாகவே. அங்கே அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருவர்.

நோவாம் கையை மெல்ல நகர்த்தினான். உள்ளங்கையை விரித்து எழுத்தின்மேல் வைத்தான். அப்படியே வயிற்றோடு அணைத்துக்கொண்டான்.

ஐந்தாவது மாடியில் தயாளன் இறங்கினார்.

"ஞாயித்துக்கிழமை பெட்டியோட வந்துடுறா."

கதவு மூடியது.

அவன் எண்களைப் பார்த்தான். ஆறு. வெகுநேரம் ஆறு. அந்த ஆறில் ஒரு மனிதன் தாடி வளர்த்துவிடலாம். மன்னிப்பும் கேட்டுவிடலாம். இரண்டு மொழிகளில் அவனுக்கு வார்த்தை தெரியும்.

ஏழு.

கதவு திறந்தது. வெளியே அவன் காலையில் வைத்த சாம்பாரின் வாசம் நின்றுகொண்டிருந்தது.

அவன் இறங்கினான். நோவாம் இறங்கவில்லை.

தூக்கை மட்டும் நீட்டினான். இரண்டு கையாலும், அம்மா கொடுக்கச் சொல்வதைப் போல.

அவன் வாங்கிக்கொண்டான்.

கதவு மூடியது. அந்த லிஃப்ட் அன்றைக்கு மட்டும் வேகமாக இறங்கியது.

தூக்கில் ஒன்றும் இல்லை. எழுத்து இருந்த இடம் மட்டும் சூடாக இருந்தது.