புள்ளி மாப்பிள்ளை

பையனின் போட்டோ வந்துவிட்டது. சாம்பல், கறுப்பு, வெள்ளை என்று ஒரே புள்ளிமயம். கண்ணும் கிடையாது, மூக்கும் கிடையாது. சிந்துஜா செல்போனை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

“மூஞ்சே இல்லாத போட்டோவுக்கா இந்தச் சிரிப்பு? உனக்கு ஏத்த லூசுதான் போல!” என்று அம்மா அமிர்தவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை, ஆரம்பித்து வைத்தவளே சிந்துஜாதான். லேசர் வெளிச்சத்தை இரண்டு கண்ணாடித் தகடுகள் வழியாக விட்டு, ஒரு படத்தைப் புள்ளிகளாகக் கலைத்துப் பூட்டுவதுதான் அவள் செய்யும் ஆராய்ச்சி. அந்தத் தகடுகளின் சூட்சுமம் தெரிந்தவன்தான் முகத்தைத் திரும்ப எடுக்க முடியும்.

முதலில் மூன்று மாப்பிள்ளை வீட்டார் அவள் போட்டோவைப் பார்த்துவிட்டு, “பொண்ணு கலர் கம்மி” என்றார்கள். நாலாவது வீடும் அதையே சொன்னபோது அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தரகர் தேவதாஸ் அம்மாமாரிடம் வாங்கி வைத்திருந்த ஒன்பது பையன்களின் நம்பருக்கும் தன் படத்தைப் பூட்டி, பேர் ஊர் ஒன்றும் எழுதாமல் தட்டிவிட்டாள்.

“என்னைக் கண்டுபிடிக்கிறவன் என்னைக் கட்டிக்கட்டும்!”

“வீராம்பட்டினம் தேர் வரைக்கும்தான் பாப்பேன். அதுக்குள்ள ஒருத்தனும் வரலன்னா, படிப்பை மூட்டை கட்டிட்டு உங்க அத்தை மவன் ராஜாவைக் கட்டிக்கோ” என்று அம்மாவும் கெடு வைத்தாள். ராஜா பல் குத்திக்கொண்டே பேசுகிறவன். பேசி முடித்த பிறகும் குத்துவான்.

ஒருத்தன் “டவுன்லோட் ஆகல” என்றான். இன்னொருத்தன் “உங்க வீட்டு கேபிள் புடுங்கிக்கிச்சா?” என்று கேட்டான். ஆறு பேர் பதிலே போடவில்லை.

ஒன்பதாவது ஆள் எழிலரசன் மட்டும், இரண்டே நிமிடத்தில், இந்தப் புள்ளிப் படத்தை அனுப்பி, “நேர்ல வந்து பாக்கட்டுமா?” என்று கேட்டிருந்தான். அவன் டி.பி.யிலும் முகம் இல்லை, முருகர்தான் இருந்தார். தரகர் அவனைப் பற்றி எழுதியிருந்தது, ‘சொந்தத் தொழில்’ என்று மட்டும்.

அடேயப்பா, பூட்டுக்குப் பூட்டு! சிந்துஜா “ஞாயிறு” என்று தட்டி, வீட்டு லொகேஷனையும் அனுப்பினாள்.

நாலு நாள் லேபில் அந்தப் படத்தோடு மல்லுக்கட்டினாள். லேசரை அடித்தாள், தகட்டை மாற்றினாள், கம்ப்யூட்டரைக் கொதிக்கவிட்டாள். ஒரு காதுகூடத் தெரியவில்லை. கடைசியில் அவள் கைடு நாராயணசாமி சார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நானும் இருபது வருஷமா புள்ளி பாக்கறேம்மா. இது மெஷின் போட்ட புள்ளி மாதிரியே இல்ல. யாரும்மா இந்த மகான்?”

“எனக்குப் பாத்திருக்கற மாப்பிள்ளை சார்” என்றாள். சொல்லும்போதே வெட்கம் பிடுங்கித் தின்றது. முகம் தெரியாத ஒருத்தன்மேல் இவ்வளவு ஆசை வரும் என்று அவள் நினைக்கவேயில்லை.

ஞாயிறு காலை எழிலரசன் ரெட்டியார்பாளையம் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தினான். தனியாகத்தான் வந்தான். அப்பா ராமலிங்கம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். பையன் கும்பிட்டதோடு சரி. குனிந்த தலை நிமிரவில்லை, தரையையே பார்த்துக்கொண்டு உள்ளே வந்தான்.

“என்னா அடக்கம் பாத்தியா!” என்று அமிர்தவல்லி மகளின் காதைக் கடித்தாள்.

கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. பையன் நெளிந்தான். “எதுக்குங்க இதெல்லாம்? சமையல்கட்டைக் காட்டினீங்கன்னா ஒரு பார்வை பாத்துடுவேன்.”

அமிர்தவல்லிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து ராமலிங்கம் அந்தப் பக்கம் தண்ணி குடிக்கக்கூடப் போனதில்லை. “சிந்து, தம்பியைக் கூட்டிட்டுப் போய்க் காட்டு. பேச வேண்டியதைப் பேசிட்டு நிதானமா வாங்க” என்று இருவரையும் அனுப்பிவைத்தாள்.

சிந்துஜா அவனைச் சமையல்கட்டுக்குள் கூட்டிவந்தாள். இவனை விட்டால் ராஜாதான். முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே வாயைத் திறந்தாள்.

“நான் தோத்துட்டேங்க. நாலு நாளா முட்டி மோதியும் உங்க போட்டோவுல ஒரு மூக்குகூட எடுக்க முடியல. அதை எப்படிங்க பண்ணீங்க?”

அவன் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். திருதிருவென்று முழித்தான். பிறகு பேன்ட் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தான்.

“நீங்க அனுப்புன கிரானைட்டு ஸ்டாக் இல்ல மேடம், அதான் அதுக்குக் கிட்டத்துல வர்ற கல்லை போட்டோ எடுத்து அனுப்பினேன்!”