மூக்குப்பொடி டப்பிக்குள் ஒரு வண்டு

"கண்ணுக்கே தெரியாத வண்டுக்கு எத்தனை கொம்புன்னு என் கட்டைவிரல் சொல்லும்!" என்று பாரிஸ் நகரமே அதிரும்படி கத்துகிறார் ஒக்தாவ். தங்கம் உருக்கும் கடையில் உலை சிங்கம்போல் உறுமுகிறது. அதன் செவ்வொளியில் மச்சினி ஆர்லெத்தின் மூக்கு அரை முழம் நீண்டு தெரிகிறது. அவள் அப்பா அவளுக்கு எழுதிவைத்த பழைய தங்க மூக்குப்பொடி டப்பியை உருக்கக் கொண்டுவந்திருக்கிறாள். மூடியிலே திராட்சைக் கொடி; ஒவ்வொரு பழத்திலும் தனியாக ஓர் ஒளித்துளி உருள்கிறது. இன்னும் ஒரு நிமிடத்தில் எல்லாம் குழம்பு.

"போலி, அத்தான். உருக்கினாத்தான் நாலு காசு தேறும். மூடிக்குள்ள பாருங்க, கோழி கிளறின மாதிரி கீறல். எங்கப்பாவை எவனோ ஏமாத்தியிருக்கான்."

"உன் மூளையைத்தான் கோழி கிளறியிருக்கு! வெளியே அரசாங்கத்தோட கழுகு முத்திரை அடிச்சா, அடியில இருக்கிற பூச்சி செதுக்கின பட்டடை உள்பக்கம் அந்தப் பூச்சியைப் பதிக்கும்; நீ பார்த்த கீறல் அதுதான். போலி பண்றவன் கழுகைத் திருடுவான், பூச்சியை மறந்துடுவான். முப்பது வருஷம் முத்திரை அடிச்சவன்டி நான்!"

"அப்ப கண்ணை மூடிட்டுச் சொல்லுங்க. தப்பாச்சுன்னா உலைதான்."

ஒக்தாவ் கண்களை இறுக மூடுகிறார். கட்டைவிரல் மூடியின் உள்விளிம்பில் எறும்புபோல் ஊர்ந்து நிற்கிறது. கடைக்காரரின் இடுக்கி அந்தரத்தில் காத்திருக்கிறது.

"வண்டு. ரெண்டு கொம்பு. இடது கொம்பு மட்டும் வளைஞ்சிருக்கு."

கடைக்காரரின் பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக் குனிகிறாள் ஆர்லெத். வெகுநேரம் நிமிரவில்லை. அவள் கழுத்து உலையைவிடச் சிவக்கிறது.

"இடுக்கியைக் கீழே வைங்க," என்கிறாள் கடைக்காரரிடம், பல்லைக் கடித்தபடி. "இந்த ஆள் சொன்னது சரிதான். வளைஞ்சுதான் இருக்கு."