பித்தளைத் தூள்

பட்டறைக் கூரையின் கண்ணாடி வழியே இறங்கும் வெயிலில் பித்தளைப் பெட்டி தகதகக்கிறது. பாலிஷ்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. முதலில் முரட்டு உப்புத்தாள், பிறகு நைசான தாள், கடைசியில் துணிச் சக்கரம் என்று இரண்டு நாள் பாடுபட்டிருக்கிறார். மூடியில் ஒரு கீறல்கூட மிச்சமில்லை. பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்த வாத்தியார், இன்று மனைவியையும் கூட்டி வந்திருக்கிறார். அவள் பெட்டியை வாங்கி, மூடியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவுகிறாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறாள். மறுபடியும் தடவுகிறாள்.

"இங்க நம்ம பையன் ஆணியால பேர் கிறுக்கியிருந்தானே, எங்கங்க?"

வாத்தியார் தலை குனிகிறார். "அவன் நம்மள விட்டுப் போனதுலேருந்து தினமும் அதைத் தடவித் தடவி அழுறியேன்னுதான்..."

பாலிஷ்காரர் மூடியின் ஓரத்தைக் குனிந்து பார்க்கிறார். அந்தக் கோணல் எழுத்துகள் ஆழமாக இருந்ததால் அங்கேதான் கூடுதலாகத் தேய்த்தார். "அம்மா, அதே இடத்துல நான் பொறிச்சுத் தரட்டுமா?"

"அவன் கை மாதிரி வருமா அண்ணே?"

அவள் பார்வை சக்கரத்துக்குக் கீழே குவிந்திருக்கும் பித்தளைத் தூளில் போய் நிற்கிறது.

"அதையாவது குடுங்க."

அவர் மண்டியிட்டு, தூளை ஒரு காகிதத்தில் அள்ளுகிறார். ஒரு வாரமாகத் தேய்த்த குழாய், கைப்பிடி, தாழ்ப்பாள் எல்லாவற்றின் தூளும் அதில்தான் கிடக்கிறது. சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சிந்தாமல் மடித்து, இரண்டு கையாலும் நீட்டுகிறார்.