உள்ளங்கையில் கம்பு

பார்லி தேனாய் இனிக்கும், ரை என்னும் தானியம் மிளகென உறைக்கும், மக்காச்சோளம் வெண்ணெயாய் வழுக்கும்; கம்போ கூழுக்கு மட்டுமே ஆகும் என்பது விஸ்கி ஆலையின் தலைமைச் சுவைஞர் தணிகாசலம் விதித்த சட்டம். வேதியியலர் பூவாயி கம்பில் வடித்த விஸ்கி இன்று தேறாவிட்டால் அந்த முயற்சியே கைவிடப்படும். பெயரெழுதாத கோப்பைகளில் ஒன்றை உறிஞ்சிய தணிகாசலம், ‘பார்லி, முதல் தரம்’ என்றெழுதிக் கையொப்பமிட்டார்.

“இதுதாம்மா சரக்கு. ஒன் கம்பங்கூழு எங்க?”

“அதுலயே ரெண்டு சொட்டு உள்ளங்கையில தேய்ச்சு மோந்து பாருங்க சார். சாராயம் பறந்துடும், தானியம் நிக்கும்.”

தேய்த்து முகர்ந்தார். வறண்ட நிலத்துக் கம்பு அவர் கையிலேயே சாட்சி சொன்னது. முகம் கறுக்க, துடைக்கத் துணி கேட்டார்.

பூவாயி தலைநிமிர்ந்து பேனாவை நீட்டினார்.

“மொதல்ல தானியத்தோட பேரத் திருத்துங்க சார். தரத்த அப்படியே விட்டுடுங்க.”