தங்கச்சிக்கு ஒரு இலை

கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் எச்சிலிலைக் கம்பெனி நடத்திய அப்பா காகம், மூன்று பிள்ளைகளுக்கும் சம ஷேர் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியது. கோமளா கல்யாணமாகிக் கோயில் கோபுரத்துக்குப் போனதும் சின்னவன் சபாபதி ஆரம்பித்தான்.

"கட்டிக்கொடுத்தாச்சு, இனி அவளுக்கு எதுக்கு ஷேர்? நாளைக்கு அவ புருஷன் டைரக்டர்னு வந்து உட்காருவான்!"

பெரியவன் ஏகாம்பரம் தலையை ஆட்டிவைத்தான். தம்பி கோபித்துக்கொண்டு பிரிந்துவிடுவானோ என்று பயம். ஆம்பளை வீரம் அவ்வளவுதான். கோமளாவை வரவழைத்து, பங்கு வேண்டாம் என்று வாழையிலையில் கால் தடம் பதிக்கச் சொன்னார்கள். பதித்தாள். "நல்லா இருங்கண்ணா" என்று பறந்துபோனாள்.

மத்தியானம் பந்தி முடிந்து சோறு வந்து விழுந்தது. குஞ்சிலிருந்தே சோற்றைக் கண்டால் ஏகாம்பரத்தின் முதல் குரல் தங்கைக்குத்தான். "கா, கோமளா!" என்று கூவிவிட்டான்.

அவள் வந்து மதில்மேல் தயங்கி நின்றாள். "என்னையாண்ணா கூப்பிட்டே? இல்ல, பழக்கதோஷமா?"

ஏகாம்பரம் கால் தடம் பதிந்த இலையை இழுத்துப் போட்டு, அதில் சோற்றை வைத்தான்.

"அண்ணா, அது பத்திரம்!" என்று அலறினான் சபாபதி.

"தெரியும்டா. வா கோமளா, அப்பளம் நமுத்துப் போகுது."