ஒன்பதாவது வரி

உவரியில் இலவசக் கண் முகாம். டவுணிலிருந்து அதை நடத்த வந்த ஜவுளிக்கடைப் பூதலிங்கம், 'மருத்துவ வள்ளல்' என்ற பட்டத்தோடு தன் பெயரைப் பந்தலிலும் தண்ணீர் பாட்டிலிலும் அச்சடித்திருந்தார். கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டை மட்டும்தான் தப்பியது.

அட்டையில் எட்டு வரிகள். மீனவர் மரிய அந்தோணி எட்டையும் வாசித்துவிட்டு, அதற்கும் கீழே பார்த்தார்.

"இங்கனயும் ஒங்க பேருதான் அண்ணாச்சி."

பூதலிங்கம் பூரித்தார். "பட்டமும் போட்டிருக்காவளா வே?"

"போட்டிருக்காவ. 'அமரர் பூதலிங்கம்'னு."

பூதலிங்கம் அட்டையைத் தடவிப் பார்த்தார். எட்டாவது வரிக்குக் கீழே வெறும் வெள்ளை. அடுத்து வந்த ஃபிளோராவும் அதையே வாசித்தாள்.

"ரெண்டு பேருக்கும் கண்ணுல கோளாறுன்னு எழுதும்மா" என்றார் பூதலிங்கம்.

பரிசோதித்த சித்ரலேகா இரண்டு சீட்டிலும் எழுதினாள்: 'பார்வையில் குறையில்லை.'